ஜோத்பூருக்கு வந்தும் பனீர் பட்டர் மசாலாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜோத்பூர் பயணக் கட்டுரையைப் படித்தேன். மெஹ்ரான்கர் கோட்டைக்குப் பத்தி பத்தியாக எழுதியவர், சாப்பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார்: பாலைவன ஊர், காய்கறி குறைவு, ஆனால் பனீர் பட்டர் மசாலா எங்கும் கிடைக்கும் என்று. கணவரின் வேலை காரணமாக இங்கே குடித்தனம் நடத்துகிற எனக்கு இது பொறுக்கவில்லை. பனீர் பட்டர் மசாலா தாம்பரத்திலும்தான் கிடைக்கிறது.

காய்கறி குறைவு என்பது மெய். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் காட்டில் காய்ப்பதையே உலர்த்தி ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கிறார்கள். கேர் என்பது முள்புதரில் காய்க்கும் சுண்டைக்காய் அளவுக் காய். சாங்கரி, வன்னி மரத்தின் காய். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நாம் கும்பிடுகிறோமே, அதே வன்னிதான். இம்மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, 1730இல், பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில் அமிர்தா தேவியும், மரங்களைக் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் காய்ந்த கேரை இரவே மோரில் ஊறப்போட்டு, கசப்பு இறங்கும்வரை அலசுவார். வெந்த சாங்கரியோடு சேர்த்துக் கடுகெண்ணெயில் சீரகம், பெருங்காயம், இந்தப் பக்கத்துச் சிவப்பு மிளகாயான மதானியா மிளகாய், மாங்காய்ப் பொடி போட்டுப் புரட்டி எடுப்பார். வெங்காயமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது; அதனால் இரண்டு மூன்று நாள் கெடாது. சூடான கம்பு ரொட்டியில் நெய் தடவி இதை வைத்துத் தின்றால், அப்புறம் பனீரை யார் கேட்பார்கள்?

குற்றம் கட்டுரையாளர் மேல் மட்டுமில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடக்கும் சில ஓட்டல்களில் கேர் சாங்கரியைத் தக்காளிக் குழம்பில் முக்கி, மேலே கிரீம் ஊற்றித் தருகிறார்கள். நம் ஊர் சுற்றுலாக் குழுக்களோ அரிசி மூட்டையையும் சமையல்காரரையும் பஸ்ஸிலேயே ஏற்றி வருகின்றன. முதியவர்களுக்கு வயிறு கெட்டுவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் வந்த ஊரில் ஒரு வேளைகூடவா சாம்பார் சாதத்துக்கு விடுமுறை கொடுக்கக் கூடாது? காரம் ஆகாதவர்கள் கம்பு மாவும் மோரும் சேர்த்துக் காய்ச்சிய ராப் குடிக்கலாம். கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. காரம் பிடிக்குமென்றால் மணிக்கூண்டுப் பக்கம் போய் மிர்ச்சி வடா வாங்குங்கள். பெரிய மிளகாய்க்குள் உருளைக்கிழங்கு மசாலா அடைத்துக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தது, ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும்.

ஊருக்குச் சாங்கரி வாங்கிப் போக நினைப்பவர்களுக்கு: மெல்லியதாக, பச்சை நிறம் மாறாமல் இருப்பதைப் பார்த்து எடுங்கள். விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தடித்து, உள்ளே விதை முற்றியிருந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் நார்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஜோத்பூர்