அத்தை வீட்டுப் பத்திரம்

கும்பகோணம்,
6.7.2025

அன்புள்ள கயல்,

எட்டு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தேர்வு, ஜெர்மன் வகுப்பு, சான்றிதழ் அலைச்சல் என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். மூன்றையும் நீ நம்பமாட்டாய் என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தம்பி அதே பின்னலாடைக் கம்பெனியில்தானே இருக்கிறான்? இங்கே எல்லோரும் நலம், பச்சைக் குடை உட்பட.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், "விடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று உடனே சொல்லிவிடுவாய். எனக்கு இந்த முறை அந்தப் பதில் வேண்டாம். நீ இதை இரண்டு தடவை படித்து, ஓர் இரவு தூங்கி எழுந்து, பிறகு சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

தேர்வுகள் முடிந்துவிட்டன. கடைசித் தாள் ஏற்றுமதி இறக்குமதி நடைமுறைகள். பாதியில் மின்சாரம் போய், வியர்வை சொட்டிச் சுங்கவரி பற்றிய பதிலில் இரண்டு வரிகள் அழிந்தேபோயின. மேற்பார்வைக்கு வந்தவர் நம் பொருளாதார மேதையேதான். "அதாவது பார்த்தீர்களானால், இன்னும் பத்து நிமிடங்கள்" என்று அவர் அறிவித்தபோது நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. தேறிவிடுவேன். வகுப்பில் எல்லோரும் கொடைக்கானலுக்கு வேன் பிடித்தார்கள். நான் போகவில்லை. நான் எங்கே போனேன் என்று கேட்டால் சிரிப்பாய்: அப்பாவின் டி.வி.எஸ். மொபட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காவிரித் தண்ணீரின் பின்னாலேயே போனேன்.

யோசனை அப்பாவுடையது. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள். 15ஆம் தேதி கல்லணை. "நீ மேலே படிக்க ஜெர்மனிக்கு, ஹாம்பர்க் போய் எல்பே ஆற்றைப் பார்க்கிறதற்கு முன்னால் நம் ஆற்றை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடு" என்றார். இருபத்தொரு வயதுவரை காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. கல்லணைக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போனபோது நாம் பார்த்ததெல்லாம் புளிசாதப் பொட்டலத்தையும் குரங்கையும்தானே! இந்தமுறைதான் காவிரி, வெண்ணாறு, புதாறு என்று தண்ணீர் பிரியும் இடத்தில் நின்று, எந்தக் கதவு வழியாக வரும் தண்ணீர் எங்கள் வயலுக்கு வருகிறது என்று சரியாகத் தெரிந்துகொண்டேன். பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டவர்களோடு அப்பாவும் நின்று கும்பிட்டார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைப்பது கல்லணையை அல்ல. மறுநாள் திருவையாற்றுக்குக் கிழக்கே, கரையோரம் ஒரு நாவல் மரத்தடியில் அப்பா வண்டியை நிறுத்தி, "இங்கேதான் வரும், இரு" என்றார். கீழே ஆறு முழுக்க வெறும் மணல், நடுவில் நாணல், ஒரு பழைய லாரி டயர். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மேற்கே கொக்குகள் கூட்டமாக நடந்து வருவதுதான் முதலில் தெரிந்தது. அவற்றுக்குப் பின்னால் தண்ணீர். வெள்ளம்போலப் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது தயங்கித் தயங்கி, நாக்கு நீட்டுவதுபோல் ஓர் இடத்தில் நீண்டு, மணல் அதைக் குடித்து முடிக்கும்வரை நின்று, பிறகு வேறோர் இடத்தில் நீண்டது. முன்விளிம்பில் பழுப்பு நுரை, சருகு, ஆகாயத்தாமரைத் துண்டுகள், ஒற்றைச் செருப்பு. அதற்கும் முன்னால் எறும்புகளும் சிள்வண்டுகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, கொக்குகள் நிதானமாகக் கொத்திக்கொண்டே வந்தன. காது கொடுத்துக் கேட்டால் மணலுக்குள்ளிருந்து கொப்புளம் உடைகிற சத்தம். நான் இறங்கிப்போய்க் காலை வைத்தேன். சுடுமணலின் மேல் வந்த அந்த முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த இடத்தில்தான், ஆற்றைப் பார்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் அப்பா சொன்னார்: "வங்கியில் நிலம் வேண்டாம் என்றுவிட்டார்கள் அம்மா."

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ வணிகம் படித்தவள்தானே. நான் சேரும் பல்கலைக்கழகம் அரசுடையது. கல்விக் கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒவ்வோர் அரையாண்டுக்கும் ஒரு சிறு தொகை மட்டும். ஆனால் விசா வேண்டுமானால் ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை, 11,904 யூரோவை, முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபிறகு மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். நம் பணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம், மாதத்துக்கு ஒரு லட்சம். விமானம், காப்பீடு, தஞ்சாவூரில் ஒரு முகவர் இனிக்க இனிக்கப் பேசிப் பிடுங்கிக்கொண்ட தொகை (அவரைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், இப்போது வேண்டாம்) எல்லாம் சேர்த்து 15 லட்சம் கடன் கேட்டோம். ஏழரை லட்சத்துக்கு மேலே போனால் சொத்து ஈடு வைக்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது, மூன்று ஏக்கர். அதைக் கொடுத்துவிடலாம் என்று அப்பா நிம்மதியாக இருந்தார்.

விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்பதில்லையாம். 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, கடன் திரும்பி வராவிட்டால் வங்கி நீதிமன்றம் போகாமலேயே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். ஆனால் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விவசாயியைக் காப்பாற்றப் போட்ட விலக்குதான், அதில் எனக்குக் குறை இல்லை. பறிக்க முடியாத சொத்தை வங்கிக்காரன் எதற்கு வாங்கி வைப்பான்? எல்லாம் நியாயம்தான். ஆனால் பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் செல்லுபடியாகிற அதே சிட்டா அடங்கலை அந்த அலுவலர் ஒரு விரலால் தள்ளி, "வீடு, மனை, வைப்புநிதி ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் ஐயா" என்றபோது அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் கிராமத்து வீடு நத்தம் புறம்போக்கிலிருந்து வந்தது, அதன் பட்டாவில் இன்னும் தாத்தாவின் பெயர், அதுவும் ஆகாது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இன்னொரு கணக்குப் போட்டேன். சன்ன ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 2,450 ரூபாய். ஹாம்பர்க்கில் நான் ஒரு மாதம் உயிரோடு இருக்க 41 குவிண்டால் நெல் வேண்டும், நாற்பது கிலோ மூட்டையாக நூறு சிப்பத்துக்கும் மேலே. எங்கள் நிலத்தில் ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் அப்பா தெருவெல்லாம் சொல்வார். அப்படியானால் ஐந்து மா விளைச்சலை, உரமும் அறுவடை இயந்திர வாடகையும் கழிக்காமல், ஒவ்வொரு மாதமும் நான் ஒருத்தி தின்று தீர்க்கப்போகிறேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எனக்கு முன்பே போட்டுப் பார்த்திருப்பார்.

இனிமேல்தான் விஷயமே. கும்பகோணத்து அத்தை வீட்டை உனக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமை அந்த முற்றத்தில் மாங்காய் அரிந்து தின்றிருக்கிறோம்! முன்னறையைத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையிலும் மாமாவின் சிறு ஓய்வூதியத்திலும்தான் அவள் காலத்தை ஓட்டுகிறாள். நாங்கள் திருவையாற்றிலிருந்து திரும்பி அங்கே இறங்கியபோது காப்பிகூடக் கொடுக்காமல் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே வீட்டுப் பத்திரம், பூச்சி வராமல் இருக்க நடுவில் ஒரு துண்டு வசம்பு. அதோடு முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று. இரண்டு நாள் முன்பே தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறாள். நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வங்கியில் நடந்ததை அம்மா தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"வீடு எங்கேயும் போகாது, நீதான் போகப் போகிறாய்" என்றாள். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பத்திரத்தை முழுவதும் படித்தேன். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதியிருக்கிறது. அவளுக்குப் புத்திரரும் இல்லை, பௌத்திரரும் இல்லை. அந்த வரிக்கு வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

கயல், இதை உன்னிடம் மட்டும் கேட்பதற்குக் காரணம் உனக்குத் தெரியும். நாம் பதினோராம் வகுப்புப் படிக்கும்போது, உங்கள் திண்ணைத் தூணில் ஒட்டியிருந்த அந்தத் தாளை நான் பார்த்தேன். நீ வேண்டுமென்றே அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டு கணிதப் புத்தகத்தை நீட்டினாய். நானும் பார்க்காததுபோல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அடுத்த மாதம் நீங்கள் திருப்பூர் போய்விட்டீர்கள். அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசியதில்லை, இப்போதும் நான் பேசியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் என்னைச் சுற்றியுள்ள எல்லோரும் "படிப்புக் கடன்தானே, வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம்" என்கிறார்கள். ஈடு வைத்த வீட்டில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தபால்காரர் வந்தால் அத்தைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ ஒருதலையாக முடிவு சொல்வாய். படிக்கும் காலமும் அதற்குப்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை செய்ய மாணவர்களை அனுமதிக்கிறார்கள். முடித்தபிறகு வேலை தேட 18 மாதங்கள். சரக்குப் போக்குவரத்து மேலாண்மையை அந்தத் துறைமுகத்தில் படிக்காமல் வேறெங்கே படிப்பது? கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ஓர் ஆற்றின் மேல் இருந்துகொண்டே அவ்வளவு கப்பல்களை வரவழைக்கிறார்கள். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும், நான் அங்கே தூங்கி எழும் ஒவ்வொரு நாளும் இங்கே நானூறு ரூபாய் ஏறும்.

பயணத்தின் மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு நாள் கழித்து மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போனோம். மேலையூர்க் கதவணைக்குத் தண்ணீர் இன்னும் வந்துசேரவில்லை, நாங்கள்தான் முந்திவிட்டோம். கதவைத் தூக்கும் திருகின் மேல் அப்பா கையை வைத்துப் பார்த்து, "கடைமடைக்காரன் பாடு, எப்போதும் காத்திருப்புதான்" என்றார். அங்கிருந்து கடற்கரை வரை நடந்தேன். சோழர் காலத்தில் இங்கே வந்திறங்கிய மூட்டைகளுக்குச் சுங்கம் விதித்துப் புலி முத்திரை குத்தியதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. இது முன்பே நினைவுக்கு வந்திருந்தால் என் விடைத்தாளில் இன்னும் ஒரு பத்தி கிடைத்திருக்கும். தரங்கம்பாடிக்கும் போனோம். 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன்காரர் அங்கே வந்திறங்கி, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார் என்று அப்பாவுக்குச் சொன்னேன். "அவர் வந்த செலவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். டென்மார்க் அரசர் என்றேன். வெகுநேரம் கடலைப் பார்த்துவிட்டு, "உனக்கு அத்தை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். திரும்பும் வழி முழுக்க அவர் பேசவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி, அத்தை வங்கிக்கு வந்து பத்திரத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. நாளை இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் மொட்டைமாடியில் தனியாக இருப்பேன், கூப்பிடு. "வேண்டாம்" என்று உனக்குத் தோன்றினால் வேண்டாம் என்றே சொல். ஓர் ஆண்டு இங்கேயே வேலை பார்த்துவிட்டுப் போவதைப் பற்றியும் யோசித்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் இதைக் காட்டாதே.

எது எப்படி ஆனாலும் ஆகஸ்ட் 3 ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. விடுமுறை இல்லை என்று கதை விடாமல் வந்து சேர். உனக்கும் சேர்த்துக் காதோலை கருகமணி வாங்க வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
தேன்மொழி

பி.கு.: பச்சைக் குடையை ஜெர்மனிக்கு எடுத்துப்போகலாம் என்று அம்மா சொல்கிறாள். அங்கே மழை அதிகமாம். கம்பி நான்கு போய்விட்டது, நான்காவதை உடைத்தவள் யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை.