போன் எங்களது, ரூல் மட்டும் அவுங்களதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தாரு, இப்ப வேலைக்கு வர்றவுங்க பொழுதுக்கும் செல்லை நோண்டிக்கிட்டே இருக்காங்க, முதலாளிமாருக காலைலயே போனை வாங்கி வச்சுரணும்னு. கீழவாசல் டீக்கடைல நின்னு படிச்சேன், பக்கத்துல இருந்த அண்ணாச்சி "கரெக்டாத்தான சொல்லிருக்காரு"ன்னு வேற சொன்னாரு. முழுசா தப்புன்னு நானும் சொல்லல ஐயா, ஆனா எங்க வீட்டுக் கதையக் கொஞ்சம் கேட்டுட்டு சொல்லுங்க.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். வீட்டம்மா மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைல சேலை செக்ஷன்ல நிக்கிறாங்க. நான் பிஸ்கட்டு, சோப்பு, ஷாம்பு போடுற ஒரு ஏஜென்சில லைன் சேல்ஸ்மேன், கடை கடையாப் போயி ஆர்டர் எடுக்குற வேலை, திங்க செவ்வா உசிலம்பட்டி லைன், புதன் வியாழன் திருமங்கலம், வெள்ளி சனி மேலூர்.

அவுங்க கடைல காலைல ஒம்பதரைக்கு போனைக் குடுத்துரணும். பிளைவுட்ல கூடு கூடா அடிச்சு நம்பர் எழுதி வச்சிருக்காங்க, எங்க வீட்டம்மாவுக்கு 46. ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் கைக்கு வரும். ஆடி மாசம் ஒருநாள் சின்னவளுக்கு ஸ்கூல்ல வாந்தி, மிஸ்ஸு கூப்புட்டு கூப்புட்டுப் பாத்துருக்காங்க, 46ஆம் நம்பர் கூட்டுக்குள்ள கெடந்து அது பாட்டுக்கு அதிர்ந்திருக்கு. கடைல லேண்ட்லைன் இருக்கு, இல்லாம இல்ல, ஆனா ஆடித் தள்ளுபடி கூட்டத்துல கேஷ் கவுண்டர்ல யாரு எடுப்பா. எனக்குக் கூப்புட்டா நான் எழுமலைப் பக்கம் டவர் கிடைக்காத எடத்துல நின்னு ஆர்டர் எடுத்துக்கிட்டு இருக்கேன். கடைசில பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடிச்சுப் போயி பிள்ளையக் கூட்டியாந்துச்சு.

மீனாட்சியம்மன் கோயில்லயும் 2018ல இருந்து செல்போன் கொண்டு போகக்கூடாது, டோக்கன் குடுத்து வாங்கி வச்சுக்கிறாங்க, சாமி கும்பிட்டு வெளிய வந்தா நம்ம போன் நமக்கு. இங்க வெளிய வந்தப்பறம்தான் ஆரம்பமே. ராத்திரி பத்தரைக்கு கடை வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வரும், நாளைக்கு எல்லாரும் பச்சைச் சேலை, இந்த வார டார்கெட் இம்புட்டு, அப்பறம் கடையோட தள்ளுபடி போஸ்டரை எல்லாரும் அவுங்கவுங்க ஸ்டேட்டஸ்ல வைக்கணும், வச்சு எத்தன பேரு பாத்தாங்கன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடணும். எங்க மாமியார் செத்த பதினாறாம் நாளு வீட்டம்மா அவுங்க அம்மா போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாங்க, அதுக்கு அடுத்த ஸ்டேட்டஸ் "ஒன்னு வாங்குனா ஒன்னு ஃப்ரீ". இத நான் என்னன்னு சொல்றது?

என் கதை அதுக்கு நேர் எதிர். என் போனைப் புடுங்க மாட்டாங்க, அது ஏழு மணிக்கே கம்பெனி போனா மாறிரும். அட்டெண்டென்ஸ் அதுல, ஆர்டர் அதுல, கலெக்ஷன் அதுல, கடைல நம்ம சரக்கு ரேக்குல எப்டி இருக்குன்னு போட்டோ அதுல, ஒரு நாளைக்கு நாப்பது கடைன்னா நாப்பது போட்டோ, மெமரி ஃபுல்லுன்னு காட்டுனப்ப பிள்ளைக பிறந்தநாள் வீடியோவத்தான் அழிச்சேன். பெட்ரோலுக்கு பேட்டா உண்டு, ரீசார்ஜுக்குக் கிடையாது, கேட்டா "எப்டியும் உங்க சொந்தத்துக்கும் போடுவீங்கல்ல"ம்பாங்க. 2024 ஜூலைல தனியார் செல் கம்பெனிக ரேட்ட ஏத்துனதுல நான் போட்ட 239 ரூவா பிளான் 299 ஆச்சு, அதுவும் மாசத்துக்கு இல்ல, 28 நாளைக்கு, வருசத்துக்கு 13 தடவ போடணும். 3,887 ரூவா ஐயா. செக்கானூரணிகிட்ட வண்டில இருந்து போன் விழுந்து டிஸ்ப்ளே போனப்ப மாத்த 3,200 ரூவா, அதுவும் என் கைக்காசு, "உங்க போன்தானண்ணே". அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஆர்டர் போட முடியாததால அரைநாள் சம்பளமும் கட்டு. அப்ப மட்டும் அது எப்டி கம்பெனி வேலையாச்சு?

இதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். போன மாசம் ஞாயித்துக்கிழமை பாண்டி கோயில்ல சொந்தக்காரப் பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து, கெடா வெட்டு. திங்கக்கிழமை சூப்பர்வைசர் சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு, "என்னண்ணே நேத்து பாண்டி கோயில்ல கெடாக்கறியா?" நான் யாருகிட்டயும் சொல்லல. அவரு போன்ல மேப்பு இருக்கு, அதுல நாங்க எல்லாரும் ஒரு ஒரு புள்ளியா இருக்கோம். கம்பெனி ஆப்பை போன்ல ஏத்தும்போது லொகேஷன் "எப்பவும்"னு குடுக்கச் சொன்னாங்க, குடுத்துட்டேன், "ஆப் யூஸ் பண்றப்ப மட்டும்"னு கீழயே இன்னொன்னு இருந்திருக்கு, எனக்கு அப்பத் தெரியல. மாத்தி வச்சேன், மாத்துனா அட்டெண்டென்ஸ் விழ மாட்டேங்குது.

எங்க அக்கா மகன் வடபழஞ்சி ஐடி பார்க்ல இருக்கான். மாப்ள போன்ல ஆபீஸ் ஆப்பெல்லாம் தனியா ஒரு பக்கம், ஐகான்ல குட்டிப் பெட்டி படம் போட்டிருக்கு, சாயங்காலம் அத நிப்பாட்டி வச்சா ஆபீஸ் மெசேஜ் எதுவும் வராது, போனுக்குன்னு மாசம் கொஞ்சம் காசும் குடுக்குறாங்களாம். கலிபோர்னியால வேலைக்கு சொந்தப் போனைக் கட்டாயம் யூஸ் பண்ணச் சொன்னா பில்லுல நியாயமான பங்க முதலாளி குடுக்கணும், அன்லிமிடெட் பிளானா இருந்தாலும் சரின்னு 2014லயே கோர்ட்ல தீர்ப்பாகிருச்சாம். ஆஸ்திரேலியால 2024 ஆகஸ்ட்ல இருந்து டூட்டி முடிஞ்சு வர்ற போனை எடுக்காம இருக்க சட்டமே இருக்காம். நம்ம ஊர்ல ஒன்னும் வரலையான்னா வந்துச்சு, 2022 மார்ச்சுல ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல, அரசு ஊழியருக ஆபீஸ் டைம்ல சொந்த வேலைக்கு செல்போன் யூஸ் பண்ண விடக்கூடாது, அதுக்கு ரூல் போடுங்கன்னு உத்தரவாச்சு. சரிதான், நான் மறுக்கல. சொந்த டைம்ல சொந்தப் போன்ல ஆபீஸ் வேலை பாக்குறதுக்கு யாரு ரூல் போடுவா, அதத்தான் கேக்குறேன்.

முதலாளிக பக்கமும் நியாயம் இருக்கு. கஸ்டமர் நிக்கைல ரீல்ஸ் பாக்குற பயலுகள நானே பாத்துருக்கேன், லேத் பட்டறைல மிசின் ஓடைல போன் பேசுனா விரல் போயிரும். வாங்கி வைக்கட்டும். ஆனா வாங்கி வச்சா, வீட்ல இருந்து அவசரம்னு வந்தா எடுத்துச் சொல்ல ஒரு ஆளு, ஒரு நம்பர் வேணும். வேலைக்குப் போன் வேணும்னா ஒரு சிம்மாவது கம்பெனி வாங்கிக் குடுக்கட்டும், இல்லாட்டி நாளைக்கு நான் வேலைய விட்டு நின்னாலும் உசிலம்பட்டி கடைக்காரவுக விடியக்காலைல எனக்குக் கூப்புட்டு "சோப்பு வரலையே"ம்பாங்கல்ல. உடஞ்சா யாரு பாக்குறது, லொகேஷன் எத்தன மணியோட நிக்கும், இத ஒரே ஒரு பேப்பர்ல எழுதி சேர்றப்பவே கைல குடுத்துருங்க. ஜவுளிக்கடைப் பிள்ளைக உக்கார ஸ்டூல் போடணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டம் வர்றதுக்கு முன்னாடி, அதெல்லாம் நடக்குமான்னுதான் எங்க வீட்டம்மாவும் கேட்டாங்க.

பேரு போட வேணாம் ஐயா, வில்லாபுரம், மதுரைன்னு மட்டும் போடுங்க. எங்க சூப்பர்வைசர் வீட்லயும் நம்ம பேப்பர்தான் வாங்குறாங்க.