ஆண்டறிக்கை: அதிகச் சிவப்பு அட்டை வாங்கியவரைக் கோச்சாகப் போட்டது ஏன்?

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

நம் கால்பந்து கிளப்பின் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. துருப்பிடித்த வடக்குப் பக்க கோல் போஸ்ட்டை வெல்டிங் வைத்து நிமிர்த்தியாயிற்று. மழைக்காலத்தில் கிரவுண்டில் தண்ணீர் நின்று பயிற்சி நின்றது. கணேசபுரம் சப்வேயை மூடிய நாட்களில் அந்தப் பக்கத்துப் பசங்க வரவில்லை. இது வியாசர்பாடிக்கு வருஷா வருஷம் உள்ளதுதான்.

இந்த ஆண்டு பெரிய சண்டை வேறு. 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நம் பழைய ஸ்டாப்பரை, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரரை, கோச்சாகப் போட்டோம். "பந்து தப்பினாலும் ஆள் தப்பக் கூடாது" என்று ஆடியவர். நம் பதிவேட்டில் அதிகச் சிவப்பு அட்டை அவர் பெயரில்தான். ஒரு அம்மா நேராக என் வீட்டு வாசலுக்கே வந்து, "அடுத்தவன் புள்ள காலை உடைக்கக் கத்துக்கவா என் பையனை அனுப்புறேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செயற்குழுவில் நான் பதிலாகச் சொன்னது இத்தாலித் தடுப்பாட்டக்காரர் மார்கோ மெட்டராஸியின் கதையை. கூட்டக் குறிப்பில் அது ஒரே வரியாகிவிட்டது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக.

மெட்டராஸி என்றால் நம் பசங்களுக்குத் தெரிந்தது பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் இவரைத் தலையால் முட்டியது மட்டும்தான். யூடியூபில் அந்தப் பத்து விநாடிதானே ஓடுகிறது. 1973இல் இத்தாலியின் லெச்சே நகரத்தில் பிறந்தவர். அப்பாவே கோச். ஆனாலும் பிள்ளை சிசிலியில் மர்சாலா, டிராபானி என்று கீழ் டிவிஷன் அணிகளில் கிடந்துதான் மேலே வந்தார். 1998இல் இங்கிலாந்தில் எவர்ட்டனுக்குப் போனார். ஒரே சீசன், அதற்குள் சிவப்பு அட்டைக்கு மேல் சிவப்பு அட்டை. திரும்பி வந்து பெருஜியா அணிக்காக 2000-01 சீசனில் 12 கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் இத்தாலி முதல் டிவிஷனில் ஒரு சீசனில் அத்தனை அடித்ததில்லை. அதுவரை பசரெல்லாவின் 11தான் சாதனை. அப்புறம் பத்து வருஷம் இன்டர் மிலான், ஐந்து லீக் பட்டம், 2010இல் சாம்பியன்ஸ் லீக்.

நடுவில் 2004இல், சியெனா வீரர் சிரில்லோவை மைதானத்துக்கு உள்ளே கூட இல்லை, வெளியே போகும் வழியில் குத்திவிட்டு இரண்டு மாதத் தடை வாங்கினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு இஷ்டமில்லை.

2006 உலகக் கோப்பையில் அவர் முதலில் பெஞ்சில்தான் இருந்தார். சக தடுப்பாட்டக்காரர் நெஸ்டா காயம்பட்டதால் செக் குடியரசுக்கு எதிராக உள்ளே வந்து, வந்த வேகத்தில் தலையால் ஒரு கோல். ஆஸ்திரேலியாவோடு சிவப்பு அட்டை. பெர்லினில் பிரான்சோடு இறுதி ஆட்டம், ஏழாவது நிமிடம்: இவர் மலூடாவை விழ வைத்தார் என்று பெனால்ட்டி, ஜிடேன் அடித்தார். பத்தொன்பதாவது நிமிடம்: பிர்லோவின் கார்னருக்கு எல்லோர் தலைக்கும் மேலே எழும்பி இவரே சமன் செய்தார். 110ஆவது நிமிடம் நடந்த அந்த முட்டல்தான் ஊருக்கே தெரியும். கடைசியில் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தன் பந்தையும் ஒழுங்காகப் போட்டார். ஜிடேனின் அக்கா தங்கையைப் பற்றித் தான் சொன்ன வார்த்தையை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். நம் கிரவுண்டில் தினம் நாலு தடவை காதில் விழுகிற மாதிரி வார்த்தைதான், ஆனாலும் தப்புத்தான். ஃபிஃபா ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை போட்டது, இவருக்கும் இரண்டு.

இந்த ஆள்தான் 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கின் 'சென்னையின் எஃப்சி' அணிக்கு ஆட்டக்காரரும் கோச்சுமாக வந்து இறங்கினார். லீக்கில் சென்னை முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0-3. மறு ஆட்டம் நம் நேரு ஸ்டேடியத்தில். நம்மாட்கள் பத்துப் பேர் கேலரியில் இருந்தோம். முதல் பாதியிலேயே கோச்சுக்குச் சிவப்பு அட்டை! பாடம் நடத்த வேண்டிய வாத்தியாரே வகுப்பை விட்டு வெளியே போன கதை. பத்துப் பேராக நின்று மூன்று கோல் அடித்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் கேரளாவின் பியர்சன் ஒன்று போட்டு நம் வாயில் மண்.

2015இல் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றார். என் கணக்கில் அன்றைக்குத்தான் அவர் கோச் ஆனார். அணி தத்தளித்துக்கொண்டிருந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அப்போது சென்னையே தண்ணீரில் கிடந்தது. இந்த அறையில் முழங்கால் அளவு நின்றதும், பந்துப் பை மிதந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் ஊர் அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள், அங்கே கொல்கத்தாவை 3-0. டிசம்பர் 20, கோவாவில் இறுதி. 1-2 என்று பின்தங்கி, தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம்சைடு கோல், கூடுதல் நிமிடத்தில் நம் மெண்டோசா. 3-2. அடுத்த சீசன் எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017 மார்ச்சில் கிளம்பிவிட்டார்.

முரட்டு ஆட்டக்காரர் எல்லோரும் நல்ல கோச் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஃபவுல் அணிக்கு என்ன செலவு வைக்கும் என்பது அதைக் கட்டியவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். செயற்குழு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது: பசங்களோடு சேர்ந்து மேட்ச் ஆடக் கூடாது.

அந்த அம்மாவை ஒருநாள் மாலை பயிற்சிக்கு அழைத்து வந்தேன். பசங்க ரெண்டு கையிலும் ஆளுக்கொரு டென்னிஸ் பந்து. எதிராளி சட்டையைப் பிடித்து இழுக்க முடியாது. "விழாதடா, நில்லு. சைடு வாங்கி நில்லு. அவன் பந்தைத் தள்ளி விடுவான் பாரு, அப்போ காலை வை." ஒரு பொடியன் பின்னாலிருந்து சறுக்கினான். நம் சரளைத் தரையில் தொடை உரிந்துவிட்டது. கோச் ஒன்றும் திட்டவில்லை. டெட்டால் போட்டுவிட்டுத் தன் கால்சட்டையைத் தூக்கி, முட்டிக்கு மேலே உள்ள பழைய தழும்பைக் காட்டினார். "இது வாங்குன மேட்ச்ல நாங்க தோத்தோம்டா" என்றார். அந்த அம்மா பையனை நிறுத்தவில்லை. இப்போது ஷின் கார்டு எங்கே மலிவு என்று என்னிடம் கேட்கிறார்.

பசங்க இந்த ஆண்டு ஆடிய எந்தப் போட்டியிலும் சிவப்பு அட்டை வாங்கவில்லை. அரையிறுதி ஒன்றில் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று லைன்ஸ்மேனிடம் கத்தியதற்காகக் கோச்சுக்கு ஒரு மஞ்சள் அட்டை. அபராதத்தை அவரே கட்டிவிட்டார், ரசீது கோப்பில் இருக்கிறது.