கிரிம் ரூலுக்கு முன்னால் படிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆர்க்கம் ஹாரர்: தி கார்டு கேம்' பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அறிமுகக் கட்டுரை நன்றாக இருந்தது. 1920-களின் மாசசூசெட்ஸ் ஊர், புத்தி பேதலிக்கும் துப்பறிவாளர்கள், எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆட்டத்தையே எதிர்ப்பது என்று எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'கார்டில் எழுதியிருப்பது குழப்பமாக இருந்தால் ஆடுபவர்களுக்கு எது பாதகமோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி.' இதை நம்பி ஆடத் தொடங்குகிறவர்கள் இரண்டு ஆட்டத்தோடு பெட்டியைப் பரணில் போட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். பெயர் கிரிம் ரூல். ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2016-இல் வெளியிட்ட முதல் பெட்டியின் விதிக் கையேட்டிலேயே அது இருக்கிறது. ஒரு விதிச் சிக்கலுக்கோ, எது முன் எது பின் என்ற சிக்கலுக்கோ கையேட்டில் விடை கிடைக்காவிட்டால், சினாரியோவை (அன்றைக்கு ஆடும் கதைக் கட்டத்தை) வெல்வதற்கு அந்த நேரத்தில் எது மிக மோசம் என்று ஆடுபவர்களுக்குத் தோன்றுகிறதோ அப்படி முடிவெடுத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். கட்டுரை விட்டுவிட்டது இதன் முதல் பாதியை. கையேட்டைத் தேடிப் பார்த்தும் விடை கிடைக்காத பிறகுதான் இந்த விதிக்கு வேலை. ஆட்டம் நடுவில் நின்றுபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. கார்டைப் படிக்கும் முறை அல்ல. குழப்பம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதிக்குக் கையேட்டில் நேரான விடை உண்டு.

'ஃப்ரோசன் இன் ஃபியர்' கார்டையே எடுத்துக்கொள்வோம். இது முன்னால் கிடக்கும்வரை, ஒவ்வொரு சுற்றிலும் நகர்தல், சண்டையிடுதல், நழுவுதல் இவற்றில் ஒன்றை முதல் முறை செய்யும்போது கூடுதலாக ஒரு ஆக்‌ஷன் செலவாகும். 'முதல் முறை' என்பது மூன்றுக்கும் சேர்த்தா, தனித்தனியாகவா? மோசமானதை எடு என்றால் தனித்தனியாக என்று ஆகிவிடும். ஒரு சுற்றுக்கு இருப்பதே மூன்று ஆக்‌ஷன்தான். நகர இரண்டு போனால் மிச்சம் ஒன்றை வைத்துச் சண்டையும் போட முடியாது, நழுவவும் முடியாது. சரியான பொருள், மூன்றையும் ஒரே தொகுதியாக எடுத்து, அந்தச் சுற்றில் அவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்கு மட்டும் கூடுதல் செலவு என்பதே. நகர்ந்ததற்கு இரண்டு கொடுத்துவிட்டால், அடுத்த சண்டைக்கு வழக்கம்போல ஒன்று போதும்.

அதே கார்டில் இன்னொரு தவறும் சேர்ந்துகொள்கிறது. எதிரி ஒருவன் உங்களோடு மல்லுக்கட்டி நிற்கும்போது நகர்ந்தால் அவன் சந்தர்ப்பத் தாக்குதல் ஒன்று கொடுப்பான். நகர்வதற்கு இரண்டு ஆக்‌ஷன் ஆகிறதே, அப்படியானால் இரண்டு தாக்குதலா? இல்லை. ஒரு செயலுக்கு எத்தனை ஆக்‌ஷன் செலவானாலும், மல்லுக்கட்டி நிற்கும் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரே ஒரு தாக்குதல்தான். வரிசை இது: முதலில் இரண்டு ஆக்‌ஷனையும் செலவழிக்க வேண்டும், பிறகு தாக்குதல், அதன் பிறகே நகர்வு. எதிரி கூடவே வருவான். சண்டையிட்டாலோ நழுவினாலோ, எத்தனை ஆக்‌ஷன் கொடுத்தாலும், இந்தத் தாக்குதலே கிடையாது.

அடுத்தது 'வார்ட் ஆஃப் புரொடெக்‌ஷன்'. என்கவுன்டர் கட்டிலிருந்து (ஆட்டம் நம்மேல் ஏவும் கார்டுகளின் கட்டு) எடுத்த ட்ரெச்சரி கார்டின், அதாவது தீங்கு கார்டின், ரெவலேஷன் (எடுத்தவுடன் நடக்கும்) விளைவை ரத்து செய்யும், பிறகு ஒரு திகில் (மனநிலையில் விழும் அடி) வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்த கார்டில் 'சர்ஜ்' (இன்னொரு கார்டும் எடு என்று பொருள்) இருந்தால் அதுவும் ரத்தாகுமா என்பதுதான் கேள்வி. விடை, அந்தச் சொல் கார்டில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரெவலேஷன் பகுதிக்கு வெளியே தனியாக அச்சிட்டிருந்தால் அது ரத்தாகாது, இன்னொரு கார்டை எடுத்தே ஆக வேண்டும். 'ஃபால்ஸ் லீட்' வேறு மாதிரி. உங்களிடம் துப்பு எதுவும் இல்லாவிட்டால் இந்தக் கார்டு சர்ஜ் பெறும் என்று ரெவலேஷனுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ரெவலேஷன் ரத்தானால் அந்த சர்ஜும் போச்சு. ஒரே சொல்தான், இரண்டு முடிவு. இங்கே 'எது மோசம்' என்று கேட்டுத் தீர்க்க எதுவும் இல்லை, கார்டின் எந்தப் பகுதி என்று பார்த்தாலே போதும்.

டூம் டோக்கன் (அழிவு நெருங்குவதைக் காட்டும் வில்லை) விஷயத்தில்தான் ஆட்டமே கைமாறிவிடும். அஜெண்டா என்பது எதிர்த்தரப்பின் முன்னேற்றத்தைக் காட்டும் கார்டு, டூம் அதன் வரம்பை எட்டினால் அதைத் திருப்ப வேண்டும். அஜெண்டாவின் வரம்பு 6, அதன் மேல் இருப்பது 4. மித்தோஸ் கட்டத்தில் (சுற்றின் தொடக்கத்தில் ஆட்டம் தன் முறையை ஆடும் கட்டம்) ஆளுக்கொரு என்கவுன்டர் கார்டு எடுக்கும்போது ஆடும் இருவருக்கும் 'அகோலைட்' என்ற எதிரி வருகிறது. களத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டூம். மொத்தம் 6 ஆயிற்று, அஜெண்டாவைத் திருப்பிவிடலாமா? கூடாது. களத்தில் எந்தக் கார்டில் டூம் இருந்தாலும் கணக்கில் சேரும், ஆனால் கணக்குப் பார்ப்பது மித்தோஸ் கட்டத்தில் ஒரே இடத்தில்தான்: அஜெண்டாவில் ஒரு டூம் வைத்தவுடன், என்கவுன்டர் கார்டு எடுப்பதற்கு முன். அகோலைட்டுகள் வந்தது அதற்குப் பின். ஆகவே முழுதாக ஒரு சுற்று கையில் இருக்கிறது. அகோலைட்டின் ஆயுள் 1 மட்டுமே. இரண்டையும் அதற்குள் தீர்த்துவிட்டால், அடுத்த மித்தோஸில் அஜெண்டா 5-இல் நிற்கும். இதற்கு விலக்கு 'ஏன்ஷியன்ட் ஈவில்ஸ்'. இந்த விளைவால் அஜெண்டா முன்னேறலாம் என்று அதிலேயே எழுதியிருப்பதால், எடுத்த நொடியிலேயே திருப்ப வேண்டும். அகோலைட்டில் அந்த வரி இல்லை. இல்லாத வரியைப் பாதகமாக இருக்கட்டும் என்று நாமே எழுதிச் சேர்ப்பது ஆட்டத்தைக் கடினமாக்குவது அல்ல, வேறு ஆட்டம் ஆடுவது.

'நிகழும்போது', 'நிகழ்ந்த பிறகு' என்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் கவனிக்க வேண்டியது. 'கார்டு டாக்' (Guard Dog) என்ற காவல் நாயின் மேல் எதிரியின் தாக்குதலால் காயம் விழும்போது, தாக்கிய எதிரிக்கு 1 காயம் கொடுக்கலாம். அந்தக் காயத்திலேயே நாய் செத்துப்போனால்? அப்போதும் கடிக்கும். இது 'போது' வகை என்பதால், நாய் களத்தைவிட்டுப் போவதற்கு முன்பே அதன் முறை வந்துவிடும். ஆயுள் 1 உள்ள 'ஸ்வார்ம் ஆஃப் ராட்ஸ்' தாக்கினால் எலிக்கூட்டமும் சேர்ந்தே போகும். சந்தர்ப்பத் தாக்குதலும் தாக்குதல்தான், அதற்கும் கடி உண்டு. 'கிராஸ்பிங் ஹேண்ட்ஸ்' என்ற ட்ரெச்சரி கொடுக்கும் காயத்தை நாயின் மேல் வைத்தால் கடி கிடையாது, அங்கே எதிரியே இல்லை.

இந்த 'கிராஸ்பிங் ஹேண்ட்ஸ்' சோதனையில், எத்தனை புள்ளியில் தோற்கிறோமோ அத்தனை காயம். சோதனை எண் (திறன் எட்ட வேண்டிய அளவு) 3. சோதனையின்போது டோக்கன் எடுக்கும் பையிலிருந்து தானாகத் தோற்கும் டோக்கன், அதாவது ஆக்டோபஸ் கை போன்ற அடையாளம், வந்தால் எவ்வளவு என்று தடுமாறுகிறார்கள். அப்போது திறன் 0 என்று கொள்ள வேண்டும். எனவே 3 காயம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'லக்கி!' கார்டைப் போட்டு 2 கூட்டினாலும் பயனில்லை.

தேர்வு செய்யச் சொல்லும் கார்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'தி கேதரிங்' சினாரியோவின் முதல் அஜெண்டா திரும்பும்போது, ஒவ்வொருவரும் கையிலிருந்து கண்மூடி ஒரு கார்டைக் கழிப்பதா, முதன்மைத் துப்பறிவாளர் 2 திகில் வாங்குவதா என்று அவரையே முடிவு செய்யச் சொல்கிறது. இது குழப்பம் அல்ல, உரிமை. அணிக்கு எது நல்லதோ அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். 'கிரிப்ட் சில்' அப்படியில்லை. சோதனையில் தோற்றால் களத்திலுள்ள உங்கள் அசெட் (கருவி, கூட்டாளி போன்ற கார்டு) ஒன்றைக் கழிக்க வேண்டும், முடியாவிட்டால் 2 காயம். அசெட் இருக்கும்போது அதைக் காப்பாற்ற 2 காயம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வழியில்லை.

மோசமானதை எடு என்று கண்டிப்பாக ஆடுகிற மேஜையிலேயே சாதகமான தவறுகளும் கண்ணில் படாமல் போகின்றன என்பது வேடிக்கை. 'மெஷட்டி' கத்தி கூடுதல் காயம் கொடுப்பது, தாக்கப்படும் எதிரி மட்டுமே உங்களோடு மல்லுக்கட்டி நிற்கும்போது. இரண்டு எதிரிகள் இருந்தால் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரோடும் மல்லுக்கட்டாமல் ஒதுங்கி நிற்கும் எதிரியை வெட்டினாலும் கிடையாது என்பதுதான் மறந்துபோகிறது. துப்பறிவாளர் அக்னஸ் பேக்கரின் (திகில் விழுந்தால் எதிரிக்குக் காயம் கொடுக்கும்) திறனுக்கும் திகில் அக்னஸ் மேலேயே விழ வேண்டும், கூட்டாளி கார்டின் மேல் வைத்தால் கணக்கில்லை.

சந்தேகம் வந்தால் முதலில் கார்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். கார்டும் கையேடும் நேராக மோதினால் கார்டுக்கே முன்னுரிமை, 'முடியாது' என்று எழுதியிருந்தால் அதை வேறு எந்தக் கார்டும் மாற்ற முடியாது. கட்டாய விளைவுகள் இரண்டு ஒரே நேரத்தில் வந்தால் வரிசையை முதன்மைத் துப்பறிவாளர் முடிவு செய்வார், அதற்கும் கிரிம் ரூல் தேவையில்லை. பிறகு கையேட்டில் அகரவரிசையிலுள்ள சொல் விளக்கம், அதன் பிறகு வெளியீட்டாளர் இலவசமாகத் தரும் கேள்வி-பதில் பிடிஎஃப். இதெல்லாம் பார்த்தும் தீராமல், ஆட்டமும் காத்திருந்தால், அப்போது கிரிம் ரூல்.

அப்போதும் அளவுகோல் சினாரியோவின் வெற்றிதான், யாருக்கு வலிக்கிறது என்பது அல்ல. 2 காயமா, அஜெண்டாவில் 1 டூமா என்று வந்தால் பல நேரம் டூம்தான் மோசம். அதைக் கணக்குப் போட்டு நிரூபிக்கத் தேவையில்லை, மேஜையில் இருப்பவர்களுக்குத் தோன்றினால் போதும். எடுத்த முடிவைக் கார்டின் பெயரோடு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்த பிறகு சரிபாருங்கள். தவறு என்று தெரிந்தால் அடுத்த ஆட்டத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாம், முடிந்த ஆட்டத்தைப் பின்னோக்கிப் பிரித்துக் கட்ட வேண்டாம்.

கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும். கூடவே இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: 2016 பெட்டி ஒன்றை வைத்து இரண்டு பேர்தான் ஆட முடியும், திருத்திய 2021 பெட்டி ஒன்றிலேயே நான்கு பேர் வரை ஆடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்