அடிப்பகுதியும் தெரிய ஒரு படம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பின இரண்டு பூப்படமும் வந்தது. கீழே "ரெண்டும் ஒண்டோ அப்பா?" என்று மட்டும் எழுதியிருந்தாய். வேறு ஒரு சொல்லும் இல்லை. கொம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கச் சொல்கிறா. சாப்பிடுகிறாயா?

பக்கத்து வீட்டுப் பெடியன் போனில் தேடித் தந்ததை மூன்று நாளாக வாசித்தேன். இரண்டும் ஜென்ஷியானா என்ற பூச்செடிப் பேரினம். ஆனால் ஒன்றல்ல. ஜூனில் எடுத்தது வெர்னா, பல்லாண்டுத் தாவரம். மண்ணோடு மெத்தை மாதிரிப் படர்ந்து கிடக்கிறது பார், அதில் பூக்காத இலைக்கொத்துகளும் இருக்கின்றன. அவை அடுத்த வருடத்துக்கான சேமிப்பு. ஒரு தண்டு, ஒரு பூ. போன கிழமை அனுப்பினது நிவாலிஸ் என்று நினைக்கிறேன். மெல்லிய தண்டு கிளைவிட்டிருக்கிறது, பூ சின்னது, கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ணில் படாது. அது ஓராண்டுத் தாவரம். மலை உச்சியில் ஓராண்டுத் தாவரங்கள் மிகக் குறைவு. கோடை குறுகினது, அதற்குள் முளைத்துப் பூத்து விதையும் போட்டுவிட வேண்டும். தவறினால் அந்தச் செடிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

மூன்றாவதாக உட்ரிகுலோசா என்றொன்றும் இருக்கிறது. அதுவும் ஓராண்டுதான், அதுவும் நீலம்தான். அதன் புல்லிவட்டம், பூவின் அடியைச் சுற்றின பச்சை உறை, ஊதின பை மாதிரி, விளிம்புகளில் அகலமான சிறகுகளோடு இருக்கும். உன் படத்தில் புல்லி ஒடுங்கிப் பூக்குழாயோடு ஒட்டி நிற்கிறது. ஆனால் தண்டின் அடிப்பகுதி படத்தில் இல்லை. அடி தெரியாமல் நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

நிவாலிஸ் வெயில் இருந்தால்தான் விரியும், ஒரு முகில் மறைத்தாலும் மூடிவிடும். உன் படத்தில் நாலு பூவும் முழுதாக விரிந்திருக்கின்றன. நல்ல உச்சி வெயில் போல. போனும் செவ்வாய்க்கிழமை ஒரு மணி என்று காட்டுகிறது. உங்கே செவ்வாய் வேலைநாள்தானே. லீவு எடுத்திருப்பாய். அதற்கு முந்தின படமும் ஒரு புதன்கிழமை. லீவாகத்தான் இருக்கும்.

தனியாக மலையில் ஏறாதே. நல்ல சப்பாத்துப் போடு. சாப்பிட்டுவிட்டுப் போ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உன் பேரில் அர்ச்சனை செய்தோம். சிறுபோக நெல் வெட்டியாச்சு, மற்றச் செய்தி பிறகு. ஏதும் பிடுங்கிப் போடாதே, விதைக்கு விட வேண்டும். தனியாக ஏறாதே.

மூன்று நாடு தாண்டிப் போய், எந்த மொழியில் படித்தாலும் முதலாவதாக வந்தவள் என்று இங்கே கடையிலும் கோயிலிலும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். கிழமைக்கு ஒருதரம் குரலைக் கேட்கக்கூட உனக்கு நேரமில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். "ரெண்டும் ஒண்டோ" என்று நீ கேட்டது என்னைத் தூங்க விடவில்லை.

ஆண்டு ஒன்பதில் இரண்டு கீழ்க்காய்நெல்லி கொண்டு வந்து, ரெண்டும் வேறு சேர் என்றாய். வகுப்பில் நான் உனக்கு அப்பா இல்லை, சேர்தான். ஒன்றுதான் என்றேன். இல்லை என்று நின்றாய். அடிமட்டத்தால் கையில் போட்டேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால். வாத்தியின் மகள் வாத்தியைத் திருத்துகிறாளோ என்ற கோபம். செடியை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

2008 கடைசியில் சண்டையால் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்ட அன்று உன்ரை கொப்பியைத் திறந்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாய். ஒன்றில் காய் காம்போடு தொங்குகிறது, தோல் வழுவழுப்பு. மற்றதில் காம்பே இல்லை, காய் சொரசொரப்பு, தண்டும் சிவந்தது. பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாய். நீ சொன்னது சரி. எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. கொப்பியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சைக்கிளில் இடமில்லை என்று கொம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூட இடாப்பைக் கட்டிக்கொண்டு போக இடம் இருந்தது.

பிறகு கணக்கியல் படி என்று சொன்னதும் நான்தான். செடியைப் பார்த்தா சோறு வரும் என்று கேட்டதும் நான்தான்.

உன்னிடம் இதை முகத்துக்கு முகம் சொல்லத் தெரியாமல்தான் புல்லி, அல்லி என்று இவ்வளவும் எழுதினேன்.

அடுத்த முறை தண்டின் அடிப்பகுதியும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் உன் விரலையும் வைத்து எடு, அளவு தெரியும். செவ்வாய்க்கிழமை எடுத்தாலும் பரவாயில்லை.

அப்பா