ஒட்டாத கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. பேரனை ஆறாம் வகுப்பில், கத்தோலிக்கத் துறவியரான சேசு சபையார் நடத்தும் போர்டிங் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மகனுக்கு விருப்பம், மருமகளுக்கு மனமில்லை, நடுவில் நீ தவிக்கிறாய்.

நாம் இருவரும் அப்படியொரு பள்ளியின் விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள்தானே; படிப்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. மாலை ஆறு மணிக்கு ஸ்டடி ஹாலில் மணி அடித்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் ஒரே நொடியில் வாயை மூடிக்கொள்வோமே, அந்த இரண்டு மணி நேர அமைதிதான் இன்றும் விடியற்காலையில் என்னைப் புத்தகத்தோடு உட்கார வைக்கிறது. ஆங்கில வகுப்பில் ஃபாதர் நம்மை இரண்டு அணியாகப் பிரித்து, எதிரணிக்காரனின் பிழையைப் பிடித்தவனுக்கு மதிப்பெண் கொடுப்பாரே, அது அவருடைய சொந்த யோசனை என்று அப்போது நினைத்திருந்தோம். 1599இல் சேசு சபை வெளியிட்ட கல்வி நெறிமுறையிலேயே அந்தப் போட்டி இருக்கிறது. ஐரோப்பாவில் அன்று ஓரணிக்கு ரோமர் என்று பெயர், மறு அணிக்கு ரோமரின் பழைய எதிரிகளான கார்த்தேஜியர் என்று பெயர். ‘ரிசீவ்’ என்ற சொல்லில் நான் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டதை நீ எழுந்து நின்று சொன்ன நாளுக்குப் பிறகு, அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடப் பிழையாக எழுதியதில்லை.

நோட்டில் பக்கத்தின் தலையில், லத்தீனில் இறைவனின் மேலான மகிமைக்காக என்று பொருள்படும் ‘ஏ.எம்.டி.ஜி.’ என்ற நான்கு எழுத்துகளை எழுதச் சொன்னார்கள். நீ முதலில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே அவற்றை எழுதினாய். ஃபாதர் பார்த்தார், மீசைக்குள் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கிறிஸ்தவப் பையன்களான எங்களுக்கு மறைக்கல்வி நடந்த நேரத்தில் உங்களுக்கு நன்னெறி வகுப்பு; அதில் நீ தூங்கினாய் என்பது வேறு விஷயம்.

கைகுலுக்கும் படம் போட்ட அமெரிக்க உதவிச் சாக்கில் வந்த கோதுமை உப்புமாவை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரி விடுதியில் படித்தபோது அப்துல் கலாம் சைவ உணவுக்கூடத்தின் செயலாளராக இருந்தாராம். அங்கே மாணவனிடம் பொறுப்பு கொடுத்தார்கள். நம்மிடம் தட்டை மட்டும்தான் கொடுத்தார்கள்.

என் மனக்குறை வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு எழுதும் இன்லண்ட் கடிதத்தை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும் அல்லவா? சேர்ந்த இரண்டாம் மாதம், காய்ச்சலாக இருக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதினேன். அவர் அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதச் சொன்னார். ‘நலம், நலமறிய ஆவல், நன்றாகப் படிக்கிறேன்’ என்று எழுதினேன். பிறகு ஆறு ஆண்டுகளும் அதையேதான் எழுதினேன். அம்மா காலமான பின் அவள் பீரோவில் அத்தனை கடிதங்களும் நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கையெழுத்து வருடத்துக்கு வருடம் திருந்தியிருக்கிறது. செய்தி ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஆகவே, பள்ளியைப் பார்க்கப் போகும்போது தேர்ச்சி விகிதத்தைக் கேட்காதே, அதை அவர்களே சொல்வார்கள். பையன் வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் யார் நிற்பார் என்று கேள். யாரும் நிற்கமாட்டார்கள் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடு. மருமகளிடம் நானே பேசுகிறேன். ட்ரங்குப் பெட்டி வாங்கினால் பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கட்டும், ஒன்றை அவன் முதல் வாரத்திலேயே தொலைப்பான்.

இப்படிக்கு,
உன் பக்கத்துக் கட்டில்காரன்