துணி மவுஸ் பேடும் கவனிக்கத்தக்கதே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி வாங்கும்போது திரையையும் விசைப்பலகையையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், மவுஸ் பேடுக்கு மட்டும் கடைக்காரர் இலவசமாகத் தருவதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பகலில் அலுவலக வேலைக்கும் இரவில் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒரே கணினி பயன்படும் வீடுகளுக்கு, சற்றுப் பெரிய துணி பேட் ஒன்றே இரண்டுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆப்டிகல் மவுஸ் தனக்குக் கீழுள்ள பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டே கையின் நகர்வைக் கணக்கிடுகிறது. பல அலுவலகங்களில் மேசைமேல் விரித்திருக்கும் கண்ணாடியில் அதற்குப் பிடிபட ஒன்றும் இல்லாததால் கர்சர் துள்ளுகிறது. ஊழியர்களும் பழைய காலண்டர் அட்டையை அடியில் வைத்துச் சமாளிக்கிறார்கள். துணியிலோ நெசவின் இழைகளே அடையாளமாக அமைவதால், எக்ஸெல் தாளில் இரண்டு பத்திகளுக்கு இடையிலுள்ள மெல்லிய கோட்டைப் பிடித்து இழுக்கும்போதுகூடக் கர்சர் நழுவுவதில்லை.

விளையாட்டில் அளவுதான் முக்கியம். துப்பாக்கி விளையாட்டுகளில் தேர்ந்தவர்கள் பலர் டிபிஐயை (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்ற அளவை) 400 அல்லது 800 என்று குறைவாக வைத்து, மணிக்கட்டை மட்டுமல்லாமல் முழங்கையையும் சேர்த்து வீசி ஆடுவதால், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இலவச பேடில் மவுஸ் விளிம்பைத் தாண்டிவிடும், 45 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் இருந்தால் தாராளம். வழவழப்பான பிளாஸ்டிக் பேடில் மவுஸ் வேகமாக ஓடும் என்பது உண்மையே. ஆனால் குறி பார்த்த இடத்தில் சட்டென்று நிறுத்துவதற்குத் துணியின் உராய்வே கைகொடுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. துணி வியர்வையை உறிஞ்சும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் புழுக்கமான நாள்களில் மவுஸ் இழுத்துப் பிடிப்பதுபோல் நகரும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து மெல்லத் தேய்த்துக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் பழைய ஓட்டம் திரும்பிவிடும். அடிக்கடி வெயிலில் போட்டால் அடியிலுள்ள ரப்பர் நாளடைவில் இறுகி வெடிக்கக்கூடும், பிறகு மேசையில் ஒட்டி நிற்காது.

வாங்கும்போது விளிம்புத் தையலையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தையல் இல்லாவிட்டால் ஓரத்துத் துணி ரப்பரிலிருந்து பிரிந்து வரும். தடித்து மேலெழும்பிய தையலானால், நாள் முழுவதும் மவுஸைப் பிடித்து வேலை செய்பவரின் மணிக்கட்டை உறுத்தும். விற்பவர்கள் தடிமனையும் அடிப்பகுதியின் பொருளையும் உறையிலேயே அச்சிட வேண்டும் என்றும், அலுவலகங்கள் கணினிக் கொள்முதல் பட்டியலில் மவுஸ் பேடையும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.